பூமிக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே போகிறது?



கோடை விடுமுறையில் ஒரு மாலை வேளை. ஆலயத்தை அடுத்துள்ள மைதானத்தில் சிறுவர்கள் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். உள்ளே பங்குப்பேரவைக் கூட்டம். பேசப்பட்டதோ அதே மைதானத்தைப் பற்றித்தான். சாலையோரமாக இருக்கும் அந்த இடத்தில் பத்துக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் பங்கிற்கு நிரந்தர வருமானம் கிடைக்கும் என்று சிலர் கருத்துச் சொன்னார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது. பள்ளிக்குக் கழிப்பறை கட்ட வேண்டும். பணம் வேண்டும் என்பது உண்மையே.

"அப்போ பிள்ளைங்க எங்கே விளையாடும்?" என்று ஒரு தாய் கேட்டார். "அதுக்கென்னம்மா, ஊருக்கு வெளியே வேற இடம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. அந்த 'வேற இடம்' எங்கே இருக்கிறது, யார் வாங்கித் தருவார்கள், பத்து வயதுச் சிறுவன் அங்கே எப்படிப் போவான் என்று யாரும் சொல்லவில்லை. முடிவு எதுவும் எடுக்காமல் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

இது நமது பங்கின் பிரச்சினை மட்டும்தானா? மக்கள் காலார நடக்கவும், பிள்ளைகள் ஓடியாடவும், பறவையும் விலங்கும் வாழவும் நிலத்தை ஒதுக்குவது யார் கடமை? அதற்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? வந்த பணத்தையும் வாங்கிய நிலத்தையும் காப்பது எப்படி? இந்தக் கேள்விகளோடு அறுபது ஆண்டுகளாகப் போராடிவரும் ஒரு நாட்டின் அனுபவத்தை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம். பின்னர் நம் நாட்டுக்கும், நமது மைதானத்திற்கும் திரும்பி வருவோம்.

பின்வாங்கிய ஒரு திட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பரப்பில் கால் பங்குக்கும் மேல் அந்நாட்டு மத்திய அரசுக்குச் சொந்தமானது. காடுகள், மலைகள், புல்வெளிகள், பாலைநிலங்கள் என்று விரிந்துகிடக்கும் அந்த நிலத்தின் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில் உள்ளது. அதில் 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை விற்க வழி செய்யும் ஒரு பிரிவை, 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் செனட் உறுப்பினர் மைக் லீ வரவு செலவு மசோதா ஒன்றில் சேர்க்க முயன்றார். வீட்டுவசதிக்கு நிலம் தேவை என்பதே அவர் சொன்ன காரணம்.

எதிர்ப்புக் கிளம்பியது. சுற்றுச்சூழல் இயக்கங்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. ஆனால் அவர்களோடு வேட்டைக்காரர்களும், தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர்களும், மலையேறுபவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அவர்களில் பலர் அத்திட்டத்தைக் கொண்டுவந்த கட்சிக்கே வாக்களிப்பவர்கள். விற்பனைக்குரிய பரப்பு முதலில் குறைக்கப்பட்டது. பிறகு ஜூன் 28 அன்று அந்தப் பிரிவே முழுவதுமாகத் திரும்பப் பெறப்பட்டது.

மற்ற எல்லாவற்றிலும் இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒரு நாட்டில், நிலத்தைக் காப்பதில் மட்டும் மக்கள் ஒன்றுசேர முடிந்தது எப்படி? அந்த நிலத்தை அவர்கள் தங்களுடையது என்று எண்ணுகிறார்கள். அங்கே நடந்திருக்கிறார்கள், கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளை அழைத்துச் சென்றிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் வளர்ந்ததற்குப் பின்னால் பல ஆண்டுகளாகச் செலவிடப்பட்ட பொதுப் பணம் இருக்கிறது.

நிதி பிறந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் கார்கள் பெருகின. ஓய்வு நேரம் பெருகியது. நகரங்கள் பரந்தன. ஆனால் திறந்தவெளிகள் சுருங்கின. 1958-ல், அதிபர் ஐசனோவர் காலத்தில், இதுபற்றி ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. லாரன்ஸ் ராக்கஃபெல்லர் அதன் தலைவர். 1962-ல் வெளியான அதன் அறிக்கை எளிமையான ஓர் உண்மையைச் சொன்னது. மக்கள் பெரிதும் விரும்புபவை சாதாரணச் செயல்களே: காற்று வாங்கக் காரில் போவது, நடப்பது, விளையாடுவது, நீந்துவது, குடும்பமாக உட்கார்ந்து உண்பது. இவற்றிற்கான இடம் மிகவும் தேவைப்படுவது தொலைதூர மலைகளில் அல்ல, மக்கள் நெருங்கி வாழும் நகரங்களின் அருகில்தான்.

அந்த அறிக்கையின் விளைவாக, 1964 செப்டம்பர் 3 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் 'நிலம் மற்றும் நீர் பாதுகாப்பு நிதி' என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த நிதி இரண்டு வேலைகளைச் செய்யும். ஒன்று, தேசியப் பூங்காக்கள், காடுகள், வனவிலங்குப் புகலிடங்கள் ஆகியவற்றிற்காக மத்திய அரசு நிலம் வாங்க உதவும். மற்றொன்று, மாநிலங்களுக்கும் அவற்றின் வழியாக நகராட்சிகளுக்கும் சிற்றூர்களுக்கும் மானியம் தரும். பூங்கா, விளையாட்டு மைதானம், நீச்சல் குளம், நடைபாதை, ஏரிக்கரைப் படகுத் துறை என்று எதை அமைப்பதானாலும், பாதிச் செலவை இந்த நிதி ஏற்கும். மீதிப் பாதியை உள்ளூர் ஏற்க வேண்டும். அழிந்துவரும் உயிரினங்களின் வாழிடங்களை வாங்கவும் இதிலிருந்து மாநிலங்களுக்கு உதவி கிடைக்கிறது.

தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம், விசைப்படகு எரிபொருள் வரி போன்ற சிறு வருமானங்களே இதற்கு விடப்பட்டன. அவை போதவில்லை. எனவே 1968-ல் ஒரு முக்கியத் திருத்தம் வந்தது. கடலுக்கு அடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமத் தொகையிலிருந்து ஒரு பகுதி இந்த நிதிக்குச் சேர வேண்டும் என்று முடிவாயிற்று. அதன் அடிப்படை நியாயம் நமக்கும் எளிதில் புரியும். மக்கள் அனைவருக்கும் சொந்தமான ஓர் இயற்கைச் செல்வம் எடுக்கப்பட்டுத் தீர்ந்து போகிறது. அதற்கு ஈடாக, தீராமல் நிலைத்திருக்கும் வேறோர் இயற்கைச் செல்வத்தை மக்களுக்குத் தர வேண்டும்.

1978-ஆம் நிதியாண்டிலிருந்து இத்தொகை ஆண்டுக்கு 90 கோடி டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. இதுவரை 40,000-க்கும் மேற்பட்ட உள்ளூர்த் திட்டங்கள் இந்த உதவியால் நிறைவேறியுள்ளன.

ஏட்டுச் சுரைக்காய்

இவ்வளவு நல்ல திட்டம் நன்றாகவே நடந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் நடந்தது வேறு.

ஆண்டுதோறும் 90 கோடி டாலர் இந்த நிதியின் பெயரில் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஆனால் அதைச் செலவிட ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் தனியாக ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் முழுமையாகக் கிடைத்தது நாற்பது ஆண்டுகளில் இரண்டே முறைதான். மற்ற ஆண்டுகளில் பாதியோ, அதற்கும் குறைவாகவோ வழங்கப்பட்டது. மிச்சம் பொதுக் கருவூலத்தில் கலந்து வேறு செலவுகளுக்குப் போயிற்று. 2020-க்குள் இப்படி வழங்கப்படாமல் போன தொகை ஏறக்குறைய 2,200 கோடி டாலர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

பணத்தை யாரும் திருடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவசரத் தேவைகள் எப்போதும் இருந்தன. இராணுவம், கடன், பேரிடர், மருத்துவம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. பூங்காவும் புல்வெளியும் அடுத்த ஆண்டு பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடியவை. தவளையும் பறவையும் தொகுதி அலுவலகத்தில் மனுக் கொடுப்பதில்லை. தெருவில் விளையாடும் குழந்தைக்கு வாக்குரிமை இல்லை. ஆகவே வெட்டப்படும் முதல் செலவு அவர்களுடையதாகவே இருந்தது.

இதைவிட மோசமானதும் நடந்தது. அந்தச் சட்டத்திற்கு ஆயுள் வரம்பு உண்டு. 2015-ல் சில மாதங்கள் அது காலாவதியானது. மீண்டும் உயிர்பெற்று, 2018 செப்டம்பர் 30 அன்று மறுபடியும் காலாவதியானது. அப்போதுதான் மக்கள் விழித்துக் கொண்டார்கள். 2019 மார்ச் மாதம் அச்சட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. செனட் அவையில் 92 பேர் ஆதரவு, 8 பேர் மட்டுமே எதிர்ப்பு. 2020 ஆகஸ்ட் 4 அன்று மற்றொரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 90 கோடி டாலரும் தனி ஒப்புதலுக்குக் காத்திராமல் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்று அது உறுதி செய்தது. பழுதடைந்த தேசியப் பூங்காச் சாலைகளையும் கட்டடங்களையும் சீரமைக்க, 2021 முதல் 2025 வரை ஐந்து நிதியாண்டுகளுக்கு ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை அதே சட்டம் ஒதுக்கியது. கையெழுத்திட்டவர் அதிபர் டிரம்ப். ஆதரித்தவர்கள் இரு கட்சியினரும்.

சட்டம் பிறந்து 56 ஆண்டுகளுக்குப் பிறகே அதன் வாக்குறுதி நிறைவேறியது. ஒரு நல்ல செயலுக்கு நிதி அறிவிப்பது எளிது. அந்த நிதியைக் காப்பதுதான் கடினம். இன்று நாம் சிந்திக்க வேண்டிய முதல் பாடம் இதுவே.

'என்றென்றும்' என்ற ஒரு நிபந்தனை

இரண்டாவது பாடம் பணத்தைவிட நிலத்தைப் பற்றியது. மைதானத்தைப் பற்றி நாம் யோசிக்க வைத்ததும் இதுதான்.

இந்த நிதியிலிருந்து மானியம் பெற்ற எந்த உள்ளூர் நிலமும் என்றென்றும் மக்களின் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் ஓர் ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்திற்கும் சிறு தொகை வாங்கியிருந்தாலும், அந்தப் பூங்கா இந்த நிபந்தனைக்கு உட்பட்டது. மேயர் மாறலாம், கட்சி மாறலாம், நிலத்தின் விலை நூறு மடங்கு ஏறலாம். நிபந்தனை மாறாது.

தவிர்க்க முடியாத காரணத்தால் அந்த நிலத்தை வேறு பயனுக்கு எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. ஆனால் முதலில் அரசின் அனுமதி வேண்டும். எடுக்கும் நிலத்தின் சந்தை மதிப்புக்குக் குறையாத வேறு நிலத்தைத் தர வேண்டும். அந்த நிலம் மக்களுக்கு ஏறக்குறைய அதே அளவு பயன்படக் கூடியதாகவும் இருக்க வேண்டும். 'ஊருக்கு வெளியே எங்காவது பார்த்துக் கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பதிலுக்கு என்ன தரப்போகிறோம் என்பதை முன்னதாகவே காட்ட வேண்டும்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் கேட்ட நிகழ்ச்சி நமக்கு நினைவிருக்கும். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்று அரசன் சொன்னான். கேட்பதற்கு நியாயமான பேரமாகவே தோன்றுகிறது. ஆனால் அது முன்னோர் வழியாக வந்த உரிமைச் சொத்து என்று நாபோத்து மறுத்தான். சில நிலங்களுக்கு விலை உண்டு. சில நிலங்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை, நாம் அவற்றின் காவலர்கள் மட்டுமே.

பயன்படுத்துவோர் தரும் பங்கு

இன்னொரு சட்டத்தையும் குறிப்பிட வேண்டும். 1937-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் அது. அளவுக்கு மீறிய வேட்டையாலும் வாழிட அழிவாலும் அமெரிக்காவின் வனவிலங்குகள் அருகிப்போயிருந்த காலம். வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரி பொதுக் கருவூலத்தில் கலந்துவிடாமல், வனவிலங்குப் பாதுகாப்புக்கென்று மாநிலங்களுக்கு மானியமாகப் போக வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. செலவில் நான்கில் மூன்று பங்கு இந்த நிதியிலிருந்து வரும், மீதி ஒரு பங்கை மாநிலம் போட வேண்டும். 1950-ல் தூண்டில், மீன்பிடிக் கருவிகளுக்கும் இதே போன்ற ஒரு சட்டம் வந்தது.

இதில் ஒரு புத்திசாலித்தனமான நிபந்தனை இருந்தது. வேட்டை உரிமத்திற்காக மக்கள் செலுத்தும் கட்டணத்தை வனவிலங்குத் துறை தவிர வேறு எதற்காவது மாநிலம் திருப்பிவிட்டால், மத்திய அரசின் மானியம் கிடைக்காது. ஆகவே எந்த மாநிலமும் அந்தப் பணத்தில் கை வைக்கத் துணிவதில்லை. வெண்வால் மானும் காட்டு வான்கோழியும் அந்நாட்டில் மீண்டும் பெருகியதில் இச்சட்டத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

வேட்டையைப் பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிப்போம். காட்டிலிருந்து எடுத்துக் கொள்பவன் காட்டுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதை அவர்கள் அறிவுரையாக விடாமல் சட்டமாக்கினார்கள்.

குறைகளும் உண்டு

அமெரிக்க ஏற்பாட்டைப் புகழ்ந்து பாடுவது நம் நோக்கமல்ல. அதில் குறைகளும் உள்ளன.

முதலாவது, 90 கோடி டாலர் என்பது 1970-களில் நிர்ணயித்த தொகை. விலைவாசி ஏறியதற்கு ஏற்ப அது உயரவில்லை. அன்று அந்தப் பணத்தில் வாங்க முடிந்ததில் நான்கில் ஒரு பங்கைக்கூட இன்று வாங்க முடியாது.

இரண்டாவது, பாதிச் செலவை உள்ளூர் போட வேண்டும் என்ற விதி, பணம் உள்ள ஊர்களுக்குச் சாதகமாகிறது. பூங்கா மிகவும் தேவைப்படும் ஏழை ஊருக்கு அந்தப் பாதியைத் திரட்ட முடிவதில்லை. நகர்ப்புற ஏழைப் பகுதிகளுக்கென்று 2014-ல் தனி மானியத் திட்டம் தொடங்கப்பட்டாலும், அதிலும் உள்ளூர் தன் பங்கைப் போட்டாக வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் இந்த அநீதியைச் சுட்டிக்காட்டினார். நகரங்களில் வசதியானவர்களின் பகுதிகளில் அழகாகப் பராமரிக்கப்படும் பசுமை வெளிகள் இருக்கின்றன, ஒதுக்கப்பட்டவர்கள் வாழும் மறைவான பகுதிகளில் அவை இல்லை என்பது அவர் கவலை. நம் ஊர்களுக்கும் இது முழுக்கப் பொருந்தும்.

மூன்றாவது குறை நம்மைச் சங்கடப்படுத்துவது. பூமியைக் காக்கும் பணம் எண்ணெய் எடுப்பதிலிருந்து வருகிறது. அந்த எண்ணெயே பூமியைச் சூடாக்குகிறது. ஒரு கையால் காயப்படுத்தி மறு கையால் மருந்திடுவது போன்றது இது. அதற்காக மருந்தை நிறுத்திவிட முடியாது. ஆனால் மருந்து இருக்கிறது என்பதற்காகக் காயப்படுத்துவதை நியாயப்படுத்தவும் முடியாது.

நம் நாட்டில் நடப்பது என்ன?

'இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன?' என்று கேட்கலாம். இதே போன்ற ஒரு நிதி நம் நாட்டிலும் இருக்கிறது. அதன் வேர் நம் நீலகிரி மாவட்டத்தில் இருக்கிறது.

கூடலூர்ப் பகுதியில் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அந்த ஒரு வழக்கு நாடு முழுவதற்குமான காட்டு வழக்காக விரிந்தது. சுரங்கம், அணை, சாலை, தொழிற்சாலை என்று காட்டு நிலத்தை எடுப்பவர்கள், ஈடாக மரம் வளர்ப்பதற்கும், அழியும் காட்டின் மதிப்புக்கும் பணம் செலுத்த வேண்டும், அதற்கென்று தனி நிதி வேண்டும் என்று 2002-ல் நீதிமன்றம் ஆணையிட்டது. இதுவே ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி. 'காம்பா' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். எடுத்ததற்கு ஈடாகத் திருப்பித் தருவது என்ற அதே நியாயம்தான் இங்கும்.

ஆனால் பணம் குவிந்ததே தவிர, காட்டுக்கு உரிய அளவில் போய்ச் சேரவில்லை. 2013-ல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, காட்டு நிலத்திற்கு ஈடாக 1,03,000 ஹெக்டேருக்கும் அதிகமான காடல்லாத நிலம் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில், ஏறக்குறைய 28,000 ஹெக்டேர் மட்டுமே கிடைத்ததாகக் கூறியது. அதிலும் காடு வளர்த்தது 7,300 ஹெக்டேருக்கும் குறைவான பரப்பில்தான். 2016-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 2019 ஆகஸ்டு மாதத்தில்தான் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதுவரை அப்பணத்தின் பெரும்பகுதி வங்கியில் தூங்கிக் கொண்டிருந்தது.

ஒரு தாலந்தை மண்ணில் புதைத்து வைத்து, உரியவர் வந்தபோது அப்படியே எடுத்துக் கொடுத்த ஊழியனின் உவமையை நாம் அறிவோம். அவன் திருடவில்லை, தொலைக்கவில்லை. ஆனாலும் கண்டிக்கப்பட்டான். பயன்பட வேண்டிய காலத்தில் பயன்படாத பொதுப் பணமும் அப்படிப்பட்டதே. வெட்டிய காடு பதினைந்து ஆண்டுகள் காத்திருக்காது. அங்கே இருந்த ஓடை வற்றிவிடும், யானை வேறு வழி தேடி ஊருக்குள் வந்துவிடும்.

கையில் கிடைத்த பிறகாவது சரியாகச் செலவிடப்பட்டதா? உத்தராகண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரையிலான கணக்குகளைப் பற்றிய தணிக்கை அறிக்கை 2025 பிப்ரவரியில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. காட்டுக்கென்று வந்த இந்த நிதியிலிருந்து 13.86 கோடி ரூபாய் வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டதாகவும், ஐபோன், மடிக்கணினி, குளிர்சாதனப் பெட்டி வாங்கியதும் கட்டடங்களைப் புதுப்பித்ததும் அவற்றில் அடங்கும் என்றும் அது கூறியது. படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, வேதனையும் வருகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமை தந்தது. ஆனால் இந்த நிதியில் எங்கே, என்ன மரம் நடுவது என்பதை முடிவு செய்ய கிராம சபையின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும் என்ற கோரிக்கை, 2016-ல் மாநிலங்களவையில் வலியுறுத்தப்பட்டும் சட்டத்தில் இடம்பெறவில்லை. மக்களை விலக்கி வைத்துக் காக்கும் காடு நிலைக்காது. அமெரிக்காவில் நிலத்தைப் பயன்படுத்திய மக்களே விற்பனையைத் தடுத்து நிறுத்தியதை நாம் பார்த்தோம் அல்லவா?

நம் தெருவுக்கு வருவோம்

காடு தொலைவில் இருக்கலாம். திறந்தவெளி நம் வீட்டருகிலேயே இருக்க வேண்டியது. தமிழ்நாட்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவு போடும்போது, பத்து விழுக்காடு இடத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்கிறோமே, அதுதான். அதைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய அம்ருத் போன்ற மத்திய அரசுத் திட்டங்களிலும் நகரப் பூங்காக்களுக்கு மானியம் உண்டு.

ஆக, விதி இருக்கிறது, நிதியும் இருக்கிறது. வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை வண்ணம் தீட்டியிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் குப்பை மேடாகவோ, வாகனம் நிறுத்தும் இடமாகவோ, யாரோ ஒருவரின் சுற்றுச்சுவருக்குள்ளோ அது இருப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். சில இடங்களில் நாமே நம் வழிபாட்டுத் தலத்தின் பெயரால் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறோம் என்பதையும் மறைக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்? பெரிய காரியம் எதுவும் தேவையில்லை. நம் குடியிருப்பின் மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கிப் பார்ப்போம். அதில் ஒதுக்கப்பட்ட இடம் எங்கே என்று தேடிப் போவோம். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதுவோம். கிராம சபை, வார்டு கூட்டங்களில் இதைக் கேட்போம். நம் அன்பியக் கூட்டங்களில் இளைஞர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால், அவர்கள் நம்மைவிட விரைவாக முடிப்பார்கள்.

மீண்டும் மைதானத்திற்கு

நமது பங்குப்பேரவை மறுபடியும் கூட இருக்கிறது. கூரை இன்னும் ஒழுகிக் கொண்டுதான் இருக்கிறது. கடைகள் வேண்டும் என்று சொன்னவர்களை எதிரிகளாகப் பார்க்க நமக்கு மனமில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தில் நாற்பது ஆண்டுகளாக அந்த நிதியைத் தள்ளிப்போட்டவர்களும் இப்படித்தான் நியாயமான தேவைகளைக் காட்டினார்கள். ஒவ்வொரு தேவையும் உண்மையானதே. அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபோதுதான் 2,200 கோடி டாலர் காணாமல் போயிருந்தது தெரிந்தது.

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்க விரும்புகிறோம். மறைமாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதலோடு, பங்கின் பதிவேட்டில் ஒரு தீர்மானத்தை எழுதி வைப்போம். இந்த மைதானம் சாதி, சமய வேறுபாடின்றி ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு உரியது. எக்காலத்திலாவது இதை வேறு பயனுக்கு எடுக்க நேர்ந்தால், இதே அளவும் இதே பயனும் உள்ள இடம், பிள்ளைகள் நடந்துபோகும் தொலைவில், முன்னதாகவே வாங்கித் தரப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு வரிகள் போதும். நமக்குப் பின் வரும் பங்குத்தந்தைக்கும், பின்னாளில் அமையும் பங்குப்பேரவைக்கும் இது ஒரு வேலியாக இருக்கும். நம்முடைய அவசரத்திலிருந்தும் நம்மைக் காக்கும்.

கூரைக்கு என்ன செய்வது? அதற்குக் கை நீட்டிக் கேட்போம். திருவிழாவின் ஆடம்பரச் செலவைக் குறைப்போம். ஓராண்டில் முடியாவிட்டால் இரண்டாண்டில் முடிப்போம். ஒழுகும் கூரையை என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். கட்டடம் எழும்பிய மைதானம் திரும்பக் கிடைத்ததை நாம் எங்கேயும் பார்த்ததில்லை.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு அடுத்த கூட்டத்தில் நாம் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊரிலும் இதே கேள்வி எழுந்தால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? சிந்திப்போம்.